ஸ்கிராப்புக் வீடியோ: எதைப் பார்த்துச் செய்வது, எதைச் சும்மா பார்ப்பது?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. ஸ்டுடியோ ஆல்பம் ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய போட்டோக்களை வைத்துக் கையால் ஒரு ஸ்கிராப்புக் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. தினமும் ராத்திரி வீடியோ பார்க்கிறார், இன்னும் ஒரு தாளைக்கூட வெட்டவில்லை. நீள வீடியோ பார்ப்பதா, சின்னதைப் பார்ப்பதா? பேசிக்கொண்டே செய்கிறவர்களா, பின்னணியில் இசை மட்டும் ஓடவிடுகிறவர்களா? லைவ் பார்க்கலாமா? தமிழில் பார்ப்பதா, இங்கிலீஷிலா? காசு கட்டி ஆன்லைன் வகுப்பில் சேர வேண்டுமா? இவைதான் கேள்விகள்.

சுருக்கமாகச் சொன்னால், இந்த ஆல்பத்துக்கு உங்களுக்கு வேண்டியது அரை மணி நேரமாவது ஓடுகிற, வேகம் கூட்டாத, பேசிக்கொண்டே செய்து காட்டுகிற, நேர் மேலிருந்து எடுத்த வீடியோ. அப்படி இரண்டு மூன்று போதும். மற்றதெல்லாம் படுத்துக்கொண்டு பார்க்க. படுத்துக்கொண்டு பார்ப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். சமையல் வீடியோ பார்க்கிற எல்லோரும் அடுப்பைப் பற்றவைப்பதில்லையே. ஆனால் அதற்கு ஒரு நேரம், கற்றுக்கொள்வதற்கு ஒரு நேரம் என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் பார்த்ததை வைத்துக்கொண்டு காலையில் கட்டரைக் கையில் எடுத்தால், எங்கே வெட்டுவது என்றே தெரியாது. பார்த்தது அழகு மட்டும்தான், அளவு எதுவும் மனதில் நின்றிருக்காது.

முதலில், இதில் என்னென்ன வகை வருகிறது என்று பார்ப்போம். முடித்த ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டுகிற வீடியோ ஒன்று. ஒருவர் தன் சொந்தப் பக்கத்தைத் தானே யோசித்து யோசித்துச் செய்ய, நாம் கூட உட்கார்ந்து பார்ப்பது இன்னொன்று. அளவு சொல்லி, படிப்படியாகச் செய்து காட்டுவது மூன்றாவது. வாங்கி வந்த தாள், ஸ்டிக்கர், முத்திரைக்கட்டை எல்லாவற்றையும் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது நான்காவது. இந்த நான்காவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதைப் பார்த்தால் செய்யத் தோன்றாது, வாங்கத்தான் தோன்றும். புரட்டிக் காட்டுவதை ஆரம்பத்தில் நாலைந்து பார்த்தால் நல்லது. எந்த அமைப்பு உங்களுக்குப் பிடிக்கிறது, பக்கத்துக்கு எத்தனை போட்டோ என்று முடிவு செய்யலாம். முடிவு செய்தபிறகு அதையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நாளுக்கு ஒரு ஆல்பத்தின் மேல் ஆசை வரும்.

நீளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். வேகம் கூட்டி ஓட்டும்போது எதை வெட்டி எறிகிறார்கள்? அளப்பது, கோடு போடுவது, பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருப்பது, அதாவது பார்க்கச் சலிப்பாக இருக்கும் எல்லாவற்றையும். செய்கிறவருக்கு வேண்டியது அந்தச் சலிப்பான பகுதிதான்.

ஆல்பத்தின் மேலட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முன் அட்டை, முதுகு, பின் அட்டை என்று மூன்று துண்டு. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை என்றால், முதுகுத் துண்டுக்கு இரண்டு பக்கமும் சுமார் ஆறேழு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் துணியில் ஒட்ட வேண்டும். இடைவெளி குறைந்தால் அட்டை முழுதாகத் திறக்காது, திறக்கத் திறக்கத் துணி இழுத்துக் கிழியும். அதிகமானால் ஆல்பம் தொளதொளவென்று ஆடும். துணியை ஒட்டியதும் அந்த இடைவெளிக்குள் நகத்தாலோ பேனா மூடியாலோ அழுத்தி ஒரு பள்ளம் போட வேண்டும். வேகம் கூட்டிய வீடியோவில் இது கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். நிதானமாக எடுத்தவர் ஸ்கேலை அந்த இடைவெளிக்குள் வைத்துக் காட்டுவார், ஏன் அவ்வளவு என்றும் சொல்வார். ஒரு வீடியோ நமக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க நான் நேராக இந்த இடத்துக்குத்தான் ஓட்டிப் போவேன்.

முதுகின் அகலமும் அப்படித்தான். வெறும் தாளை அடுக்கி அளந்து முதுகு வெட்டினால், போட்டோ ஒட்டியபிறகு ஆல்பம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். போட்டோவின் கனத்துக்கு ஈடாக, தைக்கிற ஓரத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் சின்ன அட்டைப் பட்டை வைக்க வேண்டும். புரட்டிக் காட்டும் வீடியோவில் ஆல்பத்தை மூடி வைக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். பட்டை வைத்திருக்கிறாரா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஷார்ட்ஸை யோசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம்வரை போகலாம் என்று ஆக்கியபிறகு சிலர் அதிலேயே உருப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். ஒரு உறை மடிப்பது, ஒரு பூ சுற்றுவது போன்ற சின்ன வேலைக்கு மூன்று நிமிடம் தாராளம். ஆல்பத்துக்குப் போதாது. ஆரம்பத்தையும் முடிவையும் காட்டி நடுவில் ஒன்றுமே காட்டாத வீடியோக்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை. முடிந்த பொருளை அரை வினாடிக்கு மேல் காட்டவில்லை, கையில் எடுத்துத் திருப்பவில்லை என்றால் அது நிற்காத பொருள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பேச்சா இசையா? இது வேலையைப் பொறுத்தது. ஒரிகாமி என்றால் பேச்சே வேண்டாம். தாள் மடிப்பைக் கோடும் அம்புக்குறியும் வைத்தே சொல்லிவிட முடியும் என்று ஜப்பானின் அகிரா யோஷிஸாவா (1911–2005) காட்டியிருக்கிறார். அவர் வகுத்த குறிகளைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானியரோ கொரியரோ வாயே திறக்காமல் மடிக்கிற வீடியோவைப் பார்த்து காட்பாடியில் இருக்கும் பிள்ளை தவளை மடித்துவிடும். அங்கே கை செய்வதுதான் எல்லாமே, வேறு ஒன்றும் ஒளிந்திருக்காது.

ஸ்கிராப்புக் அப்படியல்ல. பாதி வேலை மண்டைக்குள் நடக்கிறது. எட்டு போட்டோவில் எந்த மூன்றைப் போடுவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னால் எந்த நிறத் தாள், எழுத எவ்வளவு இடம் விடுவது என்பதெல்லாம் பேசினால்தான் தெரியும். இசை மட்டும் போடுகிறவர் ஒரு போட்டோவை எடுத்து வைத்து, நகர்த்தி, திரும்ப எடுத்துவிடுவார். ஏன் எடுத்தார்? நமக்குத் தெரியாது. அதனால் பேசுகிறவரையே தேடுங்கள். அதிலும் “இப்போது இதை ஒட்டுகிறேன், இப்போது அதை வெட்டுகிறேன்” என்று கண்ணுக்குத் தெரிவதையே சொல்லிக்கொண்டிருப்பவர் வேண்டாம். காரணம் சொல்கிறவர்தான் வேண்டும்.

கேமராவும் முக்கியம். எதிரே உட்கார்ந்து எடுத்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும், இடது எது வலது எது என்று குழம்பிப்போகும். நேர் மேலிருந்து, அவர் கண்ணுக்குத் தெரிவது போலவே நமக்கும் தெரிய வேண்டும். வெள்ளை மேசையில் வெள்ளைத் தாளை வைத்துச் செய்கிற வீடியோ பார்க்க அழகாக இருக்கும், விளிம்பு எங்கே என்றுதான் தெரியாது. கட்டம் போட்ட பச்சை கட்டிங் மேட் விரித்துச் செய்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் அளவு சொல்ல மறந்தாலும் வீடியோவை நிறுத்திக் கட்டத்தை எண்ணிக்கொள்ளலாம்.

அளவு என்றதும் இன்னொரு சங்கடம். இந்தப் பொழுதுபோக்கை இப்போதைய வடிவத்தில் வளர்த்தது அமெரிக்கர்கள். மார்க் ட்வைன் 1873-இலேயே தானாக ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கியவர் என்றால் அவர்களுக்கு இதில் எவ்வளவு பழைய ஈடுபாடு என்று பாருங்கள். அதனால் வீடியோவில் வருகிற அளவெல்லாம் அவர்கள் ஊர் அளவு. பக்கம் 12 அங்குலச் சதுரம். சாதாரணத் தாள் எட்டரைக்குப் பதினொன்று, அதாவது 216 × 279 மில்லிமீட்டர். நம் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் ஏ4 தாள் 210 × 297. அவர்கள் சொல்கிற கணக்கை அப்படியே ஏ4-இல் போட்டால் அகலத்தில் ஆறு மில்லிமீட்டர் பற்றாது, மடிப்பு இடம் மாறிவிடும்.

ஆல்பப் பக்கத்துக்கு நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது சார்ட் பேப்பர். வழக்கமாக 22-க்கு 28 அங்குலம் இருக்கும். 12 அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒரு சார்ட்டில் இரண்டு பக்கம்தான் தேறும், மீதி வீண். பத்தரை அங்குலமாக வெட்டினால் நான்கு பக்கம் வரும், கசங்கிய ஓரத்தைக் கழிக்கவும் இடம் இருக்கும். ஏழு அங்குல அகலத்தில் ஒரு பட்டையும் மிஞ்சும். போட்டோவுக்கு அடியில் வைக்க, பை ஒட்ட அது போதும். ஸ்டுடியோவில் நாம் மேக்ஸி என்கிற நாலுக்கு ஆறு அங்குலப் போட்டோ, பத்தரை அங்குலப் பக்கத்தில் இரண்டு வைத்தால் எழுதவும் இடம் இருக்கும். நெருக்கினால் மூன்று. ஆகவே வீடியோவிலிருந்து முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அளவை நம் தாளுக்கு நீங்களே போடுங்கள். சார்ட் மெலிசாக இருந்தால் இரண்டை ஒன்றாக ஒட்டிவிட்டால் சரி.

தாளுக்கு ஒரு போக்கு உண்டு என்பதையும் அரை மணி நேர வீடியோக்காரர்கள்தான் சொல்வார்கள். ஒரு திசையில் மடித்தால் வழுவழுவென்று மடியும், குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். வெட்டுவதற்கு முன் தாளை அழுத்தாமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்தப் பக்கம்தான் மடிக்க வேண்டும். மடிப்புக் கோடு போட எலும்புக் கத்தி என்று வெளிநாட்டில் ஒன்று விற்கிறார்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக ஓட்டினால் அதே கோடு விழும்.

மற்ற பொருளுக்கும் வீடியோவில் சொல்கிற பிராண்டைத் தேடி ஆன்லைனில் அலையாதீர்கள். கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு பைண்டிங் போடுகிற கடைகள் வேலூரில் நிறைய உண்டு. மேலட்டைக்கு வேண்டிய கனத்த அட்டையும் காலிகோ துணியும் அவர்களிடம் இருக்கும், கேட்டால் வெட்டியே தருவார்கள். மற்ற சில்லறைச் சாமான்களுக்கு லாங் பஜார் பக்கம் ஒரு நடை போனால் போதும். வீட்டில் சேர்ந்து கிடக்கிற கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். தங்க மை அச்சும் கனத்த தாளுமாக, வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற அதே சரக்கு அது. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் வேலை செய்கிற தெரிந்தவர் இருந்தால், கழிவுத் துண்டு கொஞ்சம் கேட்டு வாங்கி முதுகுக்குப் போடுங்கள். துணியைவிட நிற்கும், பார்க்கவும் கம்பீரம்.

உங்கள் அப்பா அம்மாவின் கல்யாணப் பத்திரிகை பீரோவில் இருக்கிறதா என்று பாருங்கள். 1989-இல் மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன் அச்சடித்தது என்றால் முகவரியில் வட ஆற்காடு மாவட்டம் என்றோ வ.ஆ. மாவட்டம் என்றோ இருக்கும். முதல் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஒட்ட மட்டும் வேண்டாம், பை மாதிரி ஒன்று செய்து உள்ளே செருகி வையுங்கள். எடுத்துப் படிக்கட்டும்.

பழைய போட்டோ விஷயத்தில் நான் கறார். ஒரே பிரதியாக இருக்கிற போட்டோவின் முதுகில் நேராகப் பசை தடவச் சொல்கிற வீடியோவை அங்கேயே மூடிவிடுங்கள், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது, தாள் நெளியும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டுக்கொண்டு, அந்தப் பிரிண்டை ஒட்டுங்கள். அசல் படமே ஆல்பத்தில் வேண்டுமென்றால் நான்கு மூலைக்கும் தாளில் முக்கோணம் மடித்து, அதில் செருகுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாக ஆக அது படத்தைக் கெடுக்கும். செய்தித்தாள் துண்டு வைக்க ஆசைப்பட்டால் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அசல் செய்தித்தாள் மஞ்சளாவதோடு பக்கத்தில் இருப்பதையும் மஞ்சளாக்கும்.

பசை விஷயத்தில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிர் ஊர்க்காரர் டபுள் சைடு டேப்பால் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். வேலூரில் மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது மலிவான டேப் இளகி நழுவும். கனமான அட்டைக்கு டேப்போடு ஓரத்தில் கொஞ்சம் ஃபெவிகாலும் வேண்டும். ஒட்டியபிறகு மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். மழைக் காலத்தில் தாள் ஈரத்தை இழுத்துச் சுருளும், அப்போது இரண்டு ராத்திரி.

லைவ் எனக்குப் பிடிக்கும். அதில் தப்பை வெட்டி எறிய முடியாதே. கோணலாக ஒட்டிவிட்டால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை லைவில்தான் பார்க்கலாம், அது பெரிய பாடம். ஆனால் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் சாயங்காலம் ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. முழித்திருந்து பார்க்க வேண்டாம். பிறகு பதிவைப் பாருங்கள், வணக்கம் சொல்லி நலம் விசாரிக்கிற முதல் பத்து நிமிடத்தைத் தள்ளிவிட்டு.

தமிழா இங்கிலீஷா? தமிழில் பள்ளிக்கூட ப்ராஜெக்ட், பழைய பொருளில் அலங்காரம், பி.எட். படிக்கிறவர்களுக்கான கற்பித்தல் உபகரணம் இவற்றுக்கெல்லாம் நல்ல வீடியோக்கள் கிடைக்கின்றன. பெட்டி மடிப்பது, பை ஒட்டுவது, எழுத்து வெட்டுவது எல்லாம் அங்கேயே கற்றுக்கொள்ளலாம், அளவும் நம் சார்ட்டுக்கே சொல்வார்கள். ஆல்பம் கட்டுவதற்கு இங்கிலீஷ் பக்கம் போவதுதான் வசதி, தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. பேச்சு வேகமாக இருந்தால் கீழே எழுத்து ஓடவிட்டு, வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிற முறை ஒன்று சொல்கிறேன். முதல் தடவை கையில் பென்சிலும் தாளும் மட்டும். கத்தரிக்கோல் வேண்டாம். வருகிற அளவையெல்லாம் எழுதி, பக்கத்திலேயே நம் தாளுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை மேசையில் உட்கார்ந்து, ஒரு படி பார், நிறுத்து, செய். போனைக் கீழே படுக்க வைக்காதீர்கள், குனிந்து குனிந்து கழுத்து போய்விடும். டம்ளரில் சாய்த்து நிறுத்தினாலும் சரி. கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் நல்லது: யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் கமாவை அழுத்தினால் ஒவ்வொரு காட்சியாகப் பின்னால் போகும், முற்றுப்புள்ளியை அழுத்தினால் முன்னால் போகும். மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. அப்புறம், மின்விசிறியைக் குறைத்துவிடுங்கள். வீடியோவில் தாள் பறக்காது, நம் வீட்டில் பறக்கும்.

கடைசிக் கேள்வி, காசு கட்டுகிற வகுப்பு. இந்த ஆல்பத்துக்குத் தேவையில்லை. பதிவு செய்த வீடியோவைப் பூட்டி வைத்து விற்கிற வகுப்பில் இலவச வீடியோவை மிஞ்சிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நீங்கள் செய்ததைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துத் திருத்தம் சொல்கிறவர்கள் என்றால் அது வேறு, அதற்குக் கொடுக்கலாம். சேர்வதற்கு முன் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ஏ4 தாளில் மாதிரிக்கு உள்ளங்கை அளவில் ஒரு ஆல்பம் கட்டிப் பாருங்கள், மேலட்டை, முதுகு, நான்கு பக்கம் எல்லாம் சேர்த்து. எங்கே தெரியவில்லை என்பது அதில் தெரிந்துவிடும், அந்த இடத்துக்கான வீடியோவை மட்டும் தேடினால் போதும்.